இழுப்புக்கு ஒன்று

ஆக்லாந்தின் விரிப் பகுதியில் அவர்கள் வேலை செய்த பெட்டித் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில், குலசிங்கத்தின் புட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் பீட்டர் வழுவழுப்பான ஒரு கேட்டலாக்கை விரித்து வைத்தான். பக்கம் முழுக்க இரும்பு மெசின்களின் படங்கள். ஒவ்வொன்றிலும் நீண்ட ஒரு கைபிடி, கைபிடி நுனியில் உருண்டைக் குமிழ், மேலே அச்சுகள், பக்கத்தில் மருந்துத் தூள் கொட்டுகிற குழல். துப்பாக்கி ரவைகளை வீட்டிலேயே திரும்ப நிரப்பிக்கொள்கிற பிரஸ்கள் அவை. சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, அடியில் பொறி தட்டுகிற கேப்பை மாற்றி, மருந்து நிரப்பி, புதுச் சன்னத்தை மேலே அழுத்தினால் கோது மறுபடியும் ரவை ஆகிவிடும். பிஸ்டல் கிளப்பில் அநேகமானவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

"அண்ணே, அந்தப் பழச தூக்கிப் போட்டுட்டு ஒன்னு வாங்கிடுங்க லா," என்றான் பீட்டர். "ஒவ்வொரு தோட்டாவையும் பிள்ள வளக்கிற மாதிரி வளத்துக்கிட்டு இருந்தா, நீங்க எப்போ பயிற்சி எடுக்கிறது? எப்போ போட்டிக்குப் போறது?"

குலசிங்கம் சிரித்துவிட்டு, சம்பல் பட்டுவிடாமல் கேட்டலாக்கைத் தள்ளி வைத்தார். ஆனால் தள்ளி வைத்த இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். அந்தத் தொழிற்சாலையில் ஓடுகிற மெசின்களைப் பழுது பார்ப்பதுதான் அவருடைய வேலை. நல்லதொரு மெசினின் படத்தை அவரால் சும்மா கடந்து போக முடியாது.

பீட்டர் கிள்ளான்காரன். லோடிங் பகுதியின் மேற்பார்வையாளன். அவரைவிடப் பத்து வயது இளையவன். மலேசியாவில் பள்ளிக்கூடக் கெடட் படையில் சுடப் பழகி, ஆக்லாந்து வந்ததும் முதல் வேலையாகக் கிளப் ஒன்றைத் தேடிப் பிடித்தவன். குலசிங்கத்தை முதலில் அங்கே கூட்டிப் போனதும் அவன்தான். யாழ்ப்பாணத்தில் துவக்குகளுக்குப் பயந்து எண்பத்தாறில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட ஒரு மனிதர், நாற்பது வயதுக்குப் பிறகு பிஸ்டல் பிடிக்கப் பழகியதை என்னவென்று சொல்வது? கோயிலில் அவர் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. சொன்னால் சிலர் பயத்தோடும் சிலர் பெருமையோடும், இரண்டு விதமாகப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பார்வையும் அவருக்கு வேண்டாம். உண்மையில் அவரைப் பிடித்துக்கொண்டது சுடுகிற சத்தம் அல்ல, அதற்கு முந்திய அமைதிதான். கையை நீட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, உலகத்திலேயே கறுப்பு வட்டம் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கிற அந்தக் கணம். எதிரில் இருப்பது காகிதம். அது திருப்பிச் சுடாது. இப்படியொரு இடம் உலகத்தில் இருக்கிறதென்பது அவருக்கு முதல்நாள் பெரிய ஆறுதலாக இருந்தது.

லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்னால் போலீஸ்காரி ஒருத்தி மாசி என்ற புறநகரில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு வந்து, சுவரோடு சேர்த்துப் பூட்டிய இரும்புப் பெட்டியைச் சோதித்தாள். பிறகு மனைவி செல்வநாயகியைத் தனியாக இருத்தி, கணவர் துப்பாக்கி வைத்திருப்பதில் பயம் உண்டா என்று விசாரித்தாள். செல்வநாயகி இல்லை என்றாள். போலீஸ்காரியின் கார் போன பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "பயமில்லையெண்டுதான் சொன்னனான். விருப்பமெண்டு சொல்லேல்லை."

அதற்குப் பிறகு அவள் கராஜுக்குள் வருவதைக் குறைத்துக்கொண்டாள். கராஜ் அவருடையதாயிற்று. அங்கே வேலை மேசையாக வைத்திருந்த மரவாங்கின் விளிம்பில், குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்த கிளப்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய ஒற்றைப் பிரஸ் பூட்டியிருந்தது. ஒரு நேரத்தில் ஓர் அச்சு மட்டுமே பூட்டலாம். எல்லாக் கோதுகளையும் ஒருமுறை அதற்குள் கொடுத்து எடுத்துவிட்டு, அச்சைக் கழற்றி அடுத்ததைப் பூட்டி, திரும்பவும் முதலிலிருந்து. ஒரு ரவை முழுதாகி முடிவதற்குள் அது நாலைந்து தடவை கைக்கு வந்து போய்விடும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுத் தொடக்கத்தில் செல்வநாயகியின் தங்கை வசந்தமலர் வந்து சேர்ந்தாள். கணவர் முன்பே நோயில் போய்விட்டார். யாழ்ப்பாணமே எழும்பி நடந்த அந்த மழைக்கால இடப்பெயர்வில் மகன் திலக்சனையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனவள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் இருந்தபோது, ஒருநாள் விறகு பொறுக்கப் போன திலக்சன் திரும்பி வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டானென்று கூடப் போன பெடியன்கள் வந்து சொன்னார்கள். மாதக்கணக்காகக் காம்ப் காம்பாக அலைந்தாள். பார்க்க விடவில்லை. அக்காவும் அத்தானும் விசா எடுத்துவிட்டு, இழுக்காத குறையாக அவளைக் கொழும்புக்கும் பிறகு ஆக்லாந்துக்கும் கூப்பிட்டார்கள்.

வந்தவள் கதைக்கவில்லை. கேட்டதற்கு ஓம் என்றாள், இல்லை என்றாள். மிச்ச நேரமெல்லாம், மகள் ராகவி ஒழித்துக் கொடுத்த தன் அறையில் கட்டிலின் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள். செல்வநாயகி கோயிலுக்குக் கூட்டிப் போனாள், டாக்டரிடம் கூட்டிப் போனாள், கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். போன இடமெல்லாம் மலர் அதே மாதிரித்தான் இருந்தாள். பெரியம்மாவென்றோ சித்தியென்றோ கூப்பிட்டுப் பழக்கமில்லாத ராகவி அவளைக் கண்டால் ஆங்கிலத்தில் நலம் விசாரித்துவிட்டு நழுவிவிடுவாள். மலர் வந்த புதிதில் குலசிங்கம் கராஜின் உள்கதவைச் சாத்திவிட்டுத்தான் வேலை செய்தார். அவள் கண்ணில் இதெல்லாம் படக்கூடாதென்று நினைத்தார். துவக்கைப் பெட்டிக்குள் பூட்டலாம், சத்தத்தைப் பூட்ட முடியாது. ஆனால் அந்தப் பழைய பிரஸ் பெரிதாகச் சத்தம் போடுகிற சாதியும் இல்லை.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் நிமிர்ந்து பார்த்தபோது மலர் கதவடியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வாங்கில் கழுவிக் காயவிட்ட கோதுகள் தட்டு நிறையக் கிடந்தன. மறைக்க நேரம் இல்லை.

"இதுகள் ஆருக்கு, அத்தான்?"

அவள் வந்தபிறகு தானாகக் கேட்ட முதற் கேள்வி அதுதான் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அவர் களவு செய்து பிடிபட்டவர் போலத் தடுமாறி, இது விளையாட்டு, காகிதத்துக்குத்தான் சுடுகிறது, ஒரு குருவிக்குக்கூட இல்லை என்றார். அவள் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொன்னாள். அலுமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பழைய இலக்குத்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். ஓர் ஓட்டைக்குள் சின்ன விரலை மெல்லச் செலுத்தி, மற்றப் பக்கத்தில் வெளியே வந்த நுனியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தாளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய சாரத் துண்டை எடுத்தாள். கோதுகளை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள்.

அவர் தடுக்கவில்லை. தடுப்பதா விடுவதா என்று யோசிப்பதற்குள் அவள் ஒரு வரிசை துடைத்து முடித்திருந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அது நடந்தது. சனிக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் மலர் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கராஜுக்கு வந்துவிடுவாள். வெயில் எறித்தால் கழுவிய கோதுகளை வெளியே தட்டில் பரப்பி, வடகத்துக்குக் காவல் இருப்பவள் போலப் பக்கத்தில் குந்தியிருப்பாள். உள்ளே வந்தால் அவருக்கு ஒவ்வொன்றாக எடுத்துத் தருவாள். அவர் இழுத்து எடுத்ததை வாங்கி, துளையிட்ட மரக்கட்டையில் நிறுத்தி வைப்பாள். வெடித்த விளிம்புகளை அவரைவிட முந்தி அவள் கண்டுபிடித்தாள். மருந்துத் தூள் பக்கம் மட்டும் அவர் அவளை விடவில்லை. முடிந்ததும் இருவரும் சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகக் கழுவ வேண்டுமென்பது சட்டம். அதை அவள் கோயிலுக்குப் போகிறவளைப் போல முழங்கை வரை செய்தாள்.

கை வேலையில் இருக்கும்போது வாய் திறந்துகொண்டது. திலக்சனைப் பற்றிக் கதைத்தாள். செல்வநாயகியிடம்கூடச் சொல்லாத சின்னச் சின்ன விஷயங்கள். அவன் சோற்றைப் பிசைந்து ஒருபக்கம் ஒதுக்கிவிட்டுக் கறியை முதலில் சாப்பிடுவானாம். சைக்கிளை நிறுத்தத் தெரியாதாம், எப்போதும் வேலியில்தான் போய்ச் சாத்துவானாம். இரத்தம் கண்டால் மயங்கிவிடுவானாம். இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அங்க என்னெண்டு சமாளிக்கிறானோ தெரியாது," என்றாள். குலசிங்கம் கையை நீட்டினார்.  அடுத்த கோது வந்தது, வாங்கினார், இழுத்தார், கொடுத்தார்.

ஒருநாள், அச்சு மாற்றுகிற இடைவெளியில், முடிந்த ரவை ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஒண்டுக்கு இவ்வளவு மினக்கெட வேணுமெண்டால் நல்லதுதான் அத்தான். சுடுறவன் ஒருக்கா யோசிச்சுத்தான் சுடுவான், என்ன?"

"ஓம்," என்றார் அவர். அடுத்த அச்சைப் பூட்டினார்.

வீட்டில் மாற்றம் தெரிந்தது. மலர் சமையலறைக்குள் வந்தாள். ராகவிக்கு ஒருநாள் தலை பின்னிவிட்டாள். செல்வநாயகி அதையெல்லாம் பார்த்தாள். தான் கோயிலாலும் டாக்டராலும் செய்ய முடியாததை அந்த நாசமாய்ப்போன கராஜ் செய்ததை அவளால் ஏற்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சனிக்கிழமைகளில் பின்னேரம் உள்கதவைத் தட்டி, இரண்டு கோப்பை தேத்தண்ணியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே வரமாட்டாள்.

வசந்தம் பிறந்தபோது குலசிங்கத்தைக் கிளப்பின் அணியில் சேர்த்தார்கள். பெப்ரவரியில் போட்டி. நாற்பத்தேழு வயதுவரை அவர் எதற்கும் தெரிவு செய்யப்பட்டதில்லை. யாழ்ப்பாணத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்தச் செய்தியை அவர் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லைதான். ஆனால் தொழிற்சாலையில் நடக்கும்போது தோள் கொஞ்சம் அகன்றிருந்ததைப் பீட்டர் கண்டுபிடித்துவிட்டான். அணியில் நிற்கிறவன் கிழமைக்கு ஒருநாள் சுட்டால் போதாது, நினைத்த நேரமெல்லாம் சுட வேண்டும், அதற்கு ரவை வேண்டும், ஒற்றைப் பிரஸ்ஸில் உட்கார்ந்தால் ரவை செய்யவே நேரம் சரி என்று கணக்குக் காட்டினான். கேட்டலாக் மறுபடியும் மேசைக்கு வந்தது. இந்தமுறை குலசிங்கம் அதைத் தள்ளி வைக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஒரு சனிக்கிழமை எல்லோருமாக ஹென்டர்சனுக்குப் போனார்கள். செல்வநாயகியும் ராகவியும் சப்பாத்து வாங்கப் போக, மலர் அத்தானோடு வருவதாகச் சொன்னாள். துப்பாக்கிச் சாமான்கள் விற்கிற கடை வாசலில் பீட்டர் காத்துக்கொண்டு நின்றான். உள்ளே சுவர் முழுக்க வேட்டைத் துவக்குகள், அவற்றுக்கு மேலே மான்தலைகள். மலர் சுவரைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி நேரே கடைசிவரை நடந்து, பிரஸ்கள் பூட்டியிருந்த நீண்ட வாங்கின் முன்னால் போய் நின்றாள்.

கடைக்கார முதியவர் பொறுமையான மனிதர். இரண்டைக் காட்டினார். ஒன்று, அச்சுகள் எல்லாம் சுழலுகிற ஒரு தலையில் பூட்டியிருப்பது. கோது இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தலை கிளிக்கென்று திரும்பி அடுத்த அச்சு வந்து நிற்கும். நாலு இழுப்பில் ஒரு ரவை. பழையதைவிடச் சுறுக்கு, ஆனால் ஒவ்வொன்றாகத்தான். மற்றது முழுத் தானியங்கி மாதிரி. அடியில் வட்டத் தட்டு. அதில் ஒரே நேரத்தில் பல கோதுகள் நிற்கும். ஒருதடவை இழுத்தால் ஒன்றில் பழைய கேப் கழலும், இன்னொன்றில் மருந்து விழும், அடுத்ததில் சன்னம் அமரும், கடைசியில் இருப்பது முழு ரவையாகிச் சரிவில் வழுக்கிப் பெட்டிக்குள் விழும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்று. கோதுகளைக் குழாயில் கொட்டிவிட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும்.

குலசிங்கம் இரண்டாவதன் கைபிடியை ஒருமுறை மெதுவாக இழுத்துப் பார்த்தார். இத்தனை அசைவுகள் ஒரே அசைவுக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் நடந்து முடிவதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. தொழிற்சாலையில் அவர் பார்த்துப் பார்த்து ஒட்டுப்போடுகிற கிழட்டு மெசின்களுக்கு முன்னால் இது ஒரு நகை. குனிந்து அடித்தட்டைப் பார்த்தார். திரும்பவும் இழுத்தார்.

அந்த நேரத்தில் கடைக்காரர், மலரும் ஆசைப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, முதலாவதன் கைபிடியை அவளுக்குக் காட்டினார். அவள் இழுத்தாள். தலை கிளிக்கென்று திரும்பியது. இன்னொருமுறை இழுத்துவிட்டு அத்தானைப் பார்த்தாள்.

"இது எங்கடையைப் போலத்தான் அத்தான்," என்றாள். "கொஞ்சம் கெட்டிக்காரி."

எங்கடை. எங்களுடையது என்கிற அந்தச் சொல்லைக் குலசிங்கம் கேட்டார். கேட்காதது போல இருந்தார் என்று சொல்ல முடியாது, நன்றாகத்தான் கேட்டார். அவளுடைய முகத்தில் கொஞ்சம் வெட்கம் கூட இருந்ததைக் கண்டார். ஆனால் அவருடைய கை மற்றக் கைபிடியின் குமிழிலேயே இருந்தது.

"அண்ணே, யோசிக்காதீங்க," என்றான் பீட்டர். "அது அரைகுறை. வாங்கிறதுன்னா இத வாங்குங்க. அக்காவும் பாவம், குளிர்ல குந்திக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படணும்?"

அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அட, அதுவும் உண்மைதானே, மலருக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டார். பழைய பிரஸ்ஸைக் கொண்டுவந்தால் தான் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். அதற்கும் தலையாட்டினார். காரில் திரும்பி வரும்போது பெட்டி மலரின் பக்கத்தில் பின்சீற்றில் இருந்தது. வளைவுகளில் சரியாமல் அவள் அதைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பழையதைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு, புதியதைப் பூட்டிச் சரிபார்க்க அவருக்கு அடுத்த கிழமை முழுவதும் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தயாரானதும் மலரைக் கூப்பிட்டார். அவள் கம்பளிச் சட்டையோடு வந்து வழமையான முக்காலியில் இருந்தாள். கோதுகள் இருந்த தட்டைத் தேடினாள். அவை ஏற்கனவே குழாய்க்குள் இருந்தன. மரக்கட்டையைத் தேடினாள், அதற்கு இனி வேலை இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

குலசிங்கம் இழுக்கத் தொடங்கினார். தட்டு சுழன்றது, ஒன்று விழுந்தது. இழுத்தார், விழுந்தது. தாளம் பிடிபட்டதும் நிறுத்த மனம் வரவில்லை. பெட்டிக்குள் முதலில் ஒவ்வொன்றும் தனித்தனியாக டங் டங்கென்று விழுந்த சத்தம், பெட்டி நிறைய நிறையக் கலகலவென்று ஆனது. முன்பு ஒரு மத்தியானம் முழுவதும் இருவருமாகச் செய்து முடித்ததை அவர் தேத்தண்ணி வருவதற்கு முன்னால் செய்து முடித்திருந்தார். பெருமையோடு திரும்பினார். நல்ல மெசின் என்று அவள் சொல்வாளென்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

மலர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் இப்பிடித்தான் செய்வினமோ, அத்தான்?"

பின்னாளில் அவர் இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றார். இல்லையென்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் ஒரு மெசின்காரர். கேள்வியை மெசினைப் பற்றிய கேள்வியாகவே கேட்டார்.

"சீ, அது பெரிய பக்டரியள். இதெல்லாம் விளையாட்டுச் சாமான். அங்க ஒரு நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கில கொட்டும்."

மலர் தலையை ஆட்டினாள். விளங்கிக்கொண்ட மாதிரியான ஆட்டம். கொஞ்சம் இருந்துவிட்டு எழுந்து போனாள். எதையும் தொடாதபோதும் குழாயடியில் நின்று முழங்கை வரை கையைக் கழுவுகிற சத்தம் அவருக்குக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. முதலில் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பயிற்சி நன்றாகப் போனது, கை உறுதியாகிக்கொண்டு வந்தது. ஒருநாள் வாசற்படியில் ஒரு கோப்பை தேத்தண்ணி மட்டும் இருந்ததைக் கண்டபோதுதான் சுருக்கென்றது. உள்ளே போய்ப் பார்த்தார். மலர் ராகவியின் கட்டிலின் ஓரத்தில், வந்த புதிதில் இருந்த மாதிரியே இருந்தாள். கராஜுக்கு வரவில்லையா என்று கேட்டார். "இப்ப எனக்கு அங்க வேலை இல்லைத்தானே அத்தான்," என்றாள். அதில் குற்றம் சொல்கிற தொனி துளியும் இருக்கவில்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது கதைத்திருக்கலாம்.

திங்கட்கிழமையே வேலை முடிந்து வரும் வழியில் ஹென்டர்சனுக்குத் திருப்பினார். பழைய பிரஸ் வடக்கே வங்கரே பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு எப்போதோ விற்றுப்போய்விட்டது என்றார் கடைக்காரர். சுழல்தலை பிரஸ் மட்டும் வாங்கில் அதே இடத்தில் நின்றது. குலசிங்கம் அதன் முன்னால் நின்றார். வாங்கியதில் ஏதும் பிரச்சினையா என்று கடைக்காரர் அக்கறையோடு கேட்டார். பிரச்சினை இல்லை என்றார். புதுசு ஒன்று வைத்திருக்கிற மனிதர் எதற்காக அதைவிட மெதுவான இன்னொன்றைக் கேட்கிறார் என்பதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. தமிழில் என்றாலும் பீட்டரிடம் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். ஒரு பெட்டி கேப் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். காருக்குள் ஏறி, திறப்பைத் திருகாமல் கொஞ்ச நேரம் இருந்தார். திரும்பிப் போய் வாங்கியிருக்கலாம். கடை பூட்டவும் நேரம் இருந்தது.

வன்னியில் கண்டி வீதிக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. நத்தார்ப் பண்டிகை கழிந்து, லண்டனில் இருந்த ஒரு உறவுக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு வந்த ஒருவர் திலக்சனைக் கண்டாராம். மெலிந்து போயிருந்தானாம். அம்மா எங்கே என்று கேட்டானாம். அது எவ்வளவு உண்மை, எவ்வளவு கைமாறி வந்த கதை என்று யாருக்கும் தெரியாது. மலர் ரிசீவரை வைத்துவிட்டு, அன்றைக்குச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பெப்ரவரிப் போட்டியில் குலசிங்கம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார். பீட்டர் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். பதக்கத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது செல்வநாயகி சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். மலர் திரும்பிப் போகப் போகிறாள். வவுனியாவில் போய் நின்றுகொண்டு, வன்னிக்குப் போகிற பாதை திறக்கிற அன்றைக்கு உள்ளே போவதாம். செல்வநாயகி கெஞ்சியிருக்கிறாள், ஏசியிருக்கிறாள், இனி அக்கா தங்கச்சி உறவில்லை என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். ஒன்றுக்கும் மசியவில்லை.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் செல்வநாயகி. "நீங்கள் சொன்னால் கேப்பாள். உங்களோடதான் அவள் கதைச்சவள்."

அவர் அறை வாசலில் போய் நின்றார். மலர் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல், வேண்டுமென்றால் பழைய மாதிரி ஒரு பிரஸ் வாங்கிப் பூட்டுகிறேன் என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதென்று அவருக்கே பட்டது. மலர் சிரிக்கவில்லை. மடித்த சேலையைத் தடவி மட்டம் செய்துகொண்டு சொன்னாள்:

"உங்களில ஒரு பிழையுமில்லை அத்தான். இஞ்ச அந்த வாங்கில இருக்கேக்க, அங்கயும் எல்லாம் இப்பிடி மெதுவாத்தான் நடக்குதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். அவனுக்கு இன்னும் நேரமிருக்கெண்டு நினைச்சிட்டன்."

அடுத்த சேலையை எடுத்தாள்.

"அண்டைக்கு நீங்கள் உள்ளதைச் சொன்னது நல்லது," என்றாள்.

வெள்ளிக்கிழமைக் காலை அவளை விமான நிலையத்தில் விட்டார்கள். பிரிகிற இடத்தில் செல்வநாயகி தங்கையின் இரண்டு கன்னத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு விட மறுத்தாள். ராகவி, யாரும் எதிர்பாராத விதமாக, "சித்தி, கவனமாப் போங்கோ," என்று தமிழில் சொன்னாள். அதை முன்கூட்டியே யாரிடமோ கேட்டுப் பாடமாக்கியிருக்க வேண்டும். குலசிங்கத்துக்கு மலர் கைகூப்பினாள். அவரும் கைகூப்பினார்.

திரும்பி வரும் வழியில், மாங்கரே கடற்கழிப் பக்கத்தில் செல்வநாயகி காரை நிறுத்தச் சொன்னாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி, சேலைக் கரை நனைவதைப் பொருட்படுத்தாமல் புல்லைத் தாண்டி, சேறு தொடங்குகிற இடம்வரை நடந்தாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ராகவி காருக்குள்ளேயே இருந்தாள்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் வற்றி, சாம்பல் நிறச் சேறு பளபளத்துக் கிடந்தது. நீண்ட மூக்குப் பறவைகள் சில, சேற்றைக் குத்துவதும் நாலடி நடப்பதுமாகத் திரிந்தன. அவர் குடையை மனைவியின் தலைக்கு மேலே பிடித்தார். அவள் அதை ஏற்கவும் இல்லை, விலகவும் இல்லை. மேலே மேகத்துக்குள் ஏதோ ஒரு விமானம் ஏறுகிற ஓசை கேட்டது. அது மலருடையதா இல்லையா என்று தெரியவில்லை. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சேற்றின் நடுவே ஓடிய ஒரு வாய்க்காலில் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. கடல் திரும்பி வருகிற நேரமா, இன்னும் வற்றுகிற நேரமா என்று குலசிங்கம் அந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நிற்க நிற்க அவருடைய சப்பாத்துகள் சேற்றுக்குள் மெல்ல இறங்கின.